பருவமில்லாத ஊரில் பறிபோகும் தூக்கம்

தமிழர்கள் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தவர்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். உயர்நிலைப் பள்ளியில் இந்த ஆறையும் மனப்பாடம் செய்தபோது, "நம்ம ஊருல இதுல எது டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். "இங்கே ரெண்டே பருவம்தான். வெயில், மழை" என்று பின்வரிசையிலிருந்து பதில் வந்தது. வகுப்பே சிரித்தது.

சிங்கப்பூரில் வாழும் நம்மில் பலர் இன்றும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் நம் தூக்கம் அப்படி நினைப்பதில்லை. மே மாதம் வந்தால் வீட்டுப் பெரியவர்கள் நள்ளிரவில் எழுந்து கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். புகைமூட்டம் சூழ்ந்தால் ஆஸ்துமா உள்ளவர்கள் இருமி இருமி விழிப்பார்கள். ஜனவரியில் பள்ளி திறந்ததும் பிள்ளைகளை எழுப்புவது ஒரு போராட்டமாகிவிடும். நாட்காட்டியில் இல்லாத பருவங்கள் நம் படுக்கையறையில் இருக்கின்றன.

பருவத்தால் கெடும் தூக்கம் பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடக்கூடியது. அது மாதக்கணக்கில் திரும்பி வராமல் போவதற்கு, அந்தச் சில வாரங்களில் நாம் பழகிக்கொள்ளும் சில பழக்கங்களே பல நேரம் காரணமாகின்றன. இதை என் அப்பாவின் கதையில் நேரடியாகப் பார்த்தேன். அதற்கு முன், பருவம் தூக்கத்தை எப்படித் தொடுகிறது என்று பார்ப்போம்.

ஒளி ஆளும் நாடுகள்

பருவமும் தூக்கமும் பற்றிய தகவல்களில் பெரும்பாலானவை குளிர்நாடுகளிலிருந்து வருபவை. அங்கே முதன்மைக் காரணம் சூரிய ஒளி. கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்துத்தான் மூளையில் உள்ள உயிரியல் கடிகாரம் நேரத்தைச் சரிசெய்கிறது. இருட்டியதும் மெலடோனின் சுரக்கத் தொடங்கும். அது உடலுக்கு 'இரவு வந்துவிட்டது' என்று சொல்லும் ஹார்மோன். அந்தக் கடிகாரம் உயிரணுக்களுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானிகள் மூவருக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவ நோபெல் பரிசு கிடைத்தது.

என் அக்கா மகன் எடின்பரோவில் படிக்கிறான். அங்கே ஜூன் மாதத்தில் ஏறக்குறைய நான்கரை மணிக்கே விடிந்து, இரவு பத்து மணிக்குத்தான் சூரியன் மறையும். டிசம்பரிலோ காலை எட்டே முக்காலுக்கு விடிந்து, மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். "கோடையில தூக்கமே வரல சித்தி, குளிர்காலத்துல எழுந்திரிக்கவே முடியல" என்றான். அவன் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. பெர்லினில் தூக்கப் பிரச்சினையுள்ள 188 பேரை மருத்துவமனையில் உறங்கவைத்து ஆராய்ந்து, 2023ல் முடிவை வெளியிட்டார்கள். கனவுகள் அதிகம் வரும் தூக்கக் கட்டம், கோடையைவிடக் குளிர்காலத்தில் சுமார் 30 நிமிடம் நீண்டிருந்தது. பகலெல்லாம் கட்டடத்துக்குள் மின்விளக்கின் கீழ் வாழும் நகரவாசிகளிடமே இந்த மாற்றம் தெரிந்தது.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 10 நிமிடம்தான். அதனால் குளிர்நாட்டு ஆலோசனைகளை அப்படியே எடுத்துக்கொண்டால் நமக்குப் பாதிதான் உதவும். நம் தூக்கத்தைத் தொடும் பருவம் வேறு வழியில் வருகிறது.

வெப்பம் ஆளும் ஊர்

தூங்கப்போகும் நேரத்தில் உடல் தன் உட்புற வெப்பநிலையைக் குறைக்கத் தொடங்கும். ஓர் இரவில் அது ஏறக்குறைய ஒரு பாகை செல்சியஸ் வரை இறங்கும். அந்த வெப்பத்தைக் கைகள், பாதங்களின் தோல் வழியாகத்தான் உடல் வெளியேற்றுகிறது. உறங்கும் முன் குழந்தையின் உள்ளங்கை கதகதப்பாவதைத் தாய்மார்கள் கவனித்திருப்பார்கள். அறை வெப்பமாக இருந்தால் இந்த வேலை தடைபடும். ஈரப்பதமும் கூடினால் வியர்வை உலராது. வியர்வை உலர்ந்தால்தானே உடல் குளிரும்? விளைவு, ஆழ்ந்த தூக்கமும் கனவுத் தூக்கமும் குறைந்து, அடிக்கடி விழிப்பு வரும்.

சிங்கப்பூரில் இரவு வெப்பநிலை வழக்கமாக 23 முதல் 25 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. விடியற்காலை ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது. சராசரியாக மே, ஜூன் மாதங்களே ஆண்டின் வெப்பமான மாதங்கள். 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 பாகை பதிவானது. நாற்பது ஆண்டுகளுக்கு முன், 1983ல் தெங்காவில் பதிவான உச்சத்தை அது சமன் செய்தது.

பகல் உச்சத்தைத்தான் செய்தியில் படிக்கிறோம். தூக்கத்தைக் கெடுப்பதோ அதற்குப் பின் வரும் இரவு. கான்கிரீட் சுவர்களும் தார்ச்சாலைகளும் பகலில் குடித்த வெப்பத்தை இரவில் மெல்ல மெல்லக் கக்குகின்றன. தெளிவான சில இரவுகளில் கட்டடங்கள் நெருங்கிய பகுதிக்கும் மரங்கள் அடர்ந்த பகுதிக்கும் 7 பாகை வரைகூட வேறுபாடு பதிவாகியிருக்கிறது. மேற்கு வெயில் விழும் வீவக வீட்டில் இருப்பவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இரவு பத்து மணிக்குச் சுவரைத் தொட்டுப் பார்த்தாலே போதும்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய சங்கடம் அல்ல. 68 நாடுகளில் 47,000க்கும் மேற்பட்டவர்களின் கைப்பட்டைகள் பதிவுசெய்த தூக்க விவரங்களை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2022ல் வெளியானது. இரவு வெப்பமாக இருந்தால் மக்கள் தாமதமாக உறங்கி, முன்கூட்டியே விழிக்கிறார்கள் என்று அது காட்டியது. இப்படி ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 44 மணி நேரத் தூக்கத்தை இழக்கிறாராம். பாதிப்பு முதியவர்களிடமும் பெண்களிடமும் அதிகமாக இருந்தது.

வைகறை மழையும் புகையும்

ஏப்ரல் முதல் நவம்பர் வரை 'சுமத்ரா சூறைக்காற்று' வரும். பெரும்பாலும் விடிவதற்கு முன் இடியோடு வந்து, ஜன்னல்களை அறைந்துவிட்டுப் போகும். எழுந்து ஜன்னலைச் சாத்தி, கம்பில் காயும் துணியை உள்ளே இழுத்துப்போட்டுத் திரும்பிப் படுத்தால் மணி நாலரை. ஐந்தரைக்கு எழ வேண்டியவருக்கு அந்த நாள் முழுவதும் கண் எரியும்.

டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும்போது அறை குளிர்ந்துவிடும். 'அப்பாடா' என்று தூங்கலாம்தான். ஆனால் படுக்கை விரிப்பு சரியாகக் காயாது. ஈரமான சூழல் தூசிப்பூச்சிகளுக்குக் கொண்டாட்டம். இரவில் மூக்கடைப்பு, அடுக்குத் தும்மல், வாய்வழி மூச்சு, குறட்டை என்று வரிசையாக வரும். 'மழைக்குச் சளி பிடிச்சிருக்கு' என்று நாம் சொல்வது சில வீடுகளில் ஒவ்வாமையாகவே இருக்கும்.

புகைமூட்டமோ இருமுனைக் கத்தி. நுண்துகள்கள் மூச்சுக்குழாயை உறுத்தும் என்று ஜன்னலை மூடினால், வெப்பம் உள்ளே அடைபடும். 2013 ஜூனில் பிஎஸ்ஐ 400ஐத் தாண்டியதும், 2015 செப்டம்பர் 25ஆம் தேதி பள்ளிகள் மூடப்பட்டதும் நினைவிருக்கும். அந்த நாள்களில் முகக்கவசம் பற்றிப் பேசிய அளவுக்குத் தூக்கம் பற்றி நாம் பேசவில்லை.

ஜனவரியின் தாமத விடியல்

பகலின் நீளம் மாறாவிட்டாலும், விடியும் நேரம் இங்கே மாறுகிறது. பூமியின் அச்சு சாய்ந்திருப்பதாலும் அதன் பாதை முழு வட்டமாக இல்லாததாலும், நவம்பர் தொடக்கத்தில் காலை 6.46க்கு உதிக்கும் சூரியன் பிப்ரவரி நடுப்பகுதியில் 7.16 அளவில்தான் உதிக்கிறது. அரைமணி நேர வேறுபாடு.

இதோடு கடிகாரமும் சேர்ந்துகொள்கிறது. மலேசியா தன் மேற்குப் பகுதியின் நேரத்தைச் சபா, சரவாக்கோடு ஒன்றாக்கியபோது சிங்கப்பூரும் சேர்ந்து, 1982 ஜனவரி 1 முதல் அரைமணி நேரம் முன்னே வைத்தது. அதனால் நமக்குச் சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒரு மணி அளவில். கடிகாரம் ஆறு என்று சொல்லும்போது, உடலுக்கு அது ஐந்து மணியைப் போல.

இப்போது பள்ளிப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். நவம்பர், டிசம்பர் விடுமுறையில் நள்ளிரவுவரை கைப்பேசி, காலை பத்துமணி வரை தூக்கம். ஜனவரியில் திடீரென்று ஐந்தரை, ஆறு மணிக்கு எழ வேண்டும். அதுவும் விடியல் நாளுக்கு நாள் பின்னுக்குப் போய்க்கொண்டிருக்கும் வாரங்களில்! ஏழரை மணிக்குப் பள்ளி தொடங்கும்போது சூரியன் உதித்துச் சில நிமிடங்களே ஆகியிருக்கும். பதின்ம வயதில் உடற்கடிகாரம் இயல்பாகவே பின்தங்கும். அதைச் சோம்பல் என்று திட்டுவது எளிது. கடிகாரத்தை முன்னுக்கு நகர்த்துவது காலை வெளிச்சம். அது கிடைக்காத இருட்டில் பிள்ளை பேருந்துக்குக் காத்திருக்கிறான்.

அப்பாவின் ஐந்து மாதங்கள்

2023 மே மாத வெப்பத்தில்தான் என் அப்பாவுக்குத் தூக்கம் போனது. அவருக்கு 71 வயது. பத்தாவது மாடியில், மேற்குப் பார்த்த மூவறை வீடு. குளிர்சாதனம் கூடத்தில் மட்டும். "வெயில் குறைஞ்சா சரியாயிரும்மா" என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் ஜூலை வந்தது, ஆகஸ்டு வந்தது. வானம் மாறியது, தூக்கம் திரும்பவில்லை.

இடையில் அவர் தனக்குத் தானே வைத்தியங்கள் செய்துகொண்டிருந்தார். விட்ட தூக்கத்தைப் பிடிக்க இரவு எட்டரைக்கே படுக்கைக்குப் போனார். பகலில் கூடத்துக் குளிரில் ஒன்றரை மணி நேரம் உறங்கினார். களைப்பு போக மாலை ஐந்து மணிக்குக் கோப்பிக்கடையில் இன்னொரு கோப்பி. இரவில் விழித்தால் மணி பார்ப்பது, பார்த்துவிட்டு 'இன்னும் மூணு மணி நேரம்தான் இருக்கு' என்று கணக்குப் போடுவது. கடைசியில், அண்டைவீட்டு நண்பர் கொடுத்த சளி மாத்திரை. அது தூக்கம் வரவைக்கும் என்று சொல்லியிருக்கிறார்.

ஆகஸ்டில் ஒரு நாள் அதிகாலை மூன்று மணிக்குக் கழிவறைக்குப் போனவர், தலை சுற்றி வாசற்படியில் விழுந்தார். இடுப்பில் கன்றிய காயத்தோடு தப்பித்தார். எலும்பு முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அம்மா இன்றும் சொல்லி நடுங்குவார். தூக்கக் கலக்கம் தரும் பழைய வகை ஒவ்வாமை மருந்துகள் முதியவர்களுக்குக் குழப்பம், தலைசுற்றல், சிறுநீர் அடைப்பு ஆகியவற்றை உண்டாக்கக்கூடும். மருந்துச்சீட்டு இல்லாமல் கிடைப்பதால் அவை எல்லாருக்கும் பாதுகாப்பு என்று ஆகிவிடாது.

குடும்ப மருத்துவர் மாத்திரை எழுதவில்லை. இரண்டு வாரத்துக்குத் தூக்கக் குறிப்பு எழுதி வரச் சொன்னார். அப்பா தினமும் கிழிக்கும் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதினார்: எப்போது படுத்தார், ஏறக்குறைய எவ்வளவு தூங்கினார், எப்போது எழுந்தார், எத்தனை கோப்பி. பதினான்கு தாள்களையும் கிளிப் போட்டு எடுத்துப் போனோம்.

மருத்துவர் கூட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள், ராத்திரி அஞ்சு மணி நேரம், பகல்ல ஒன்றரை மணி நேரம் தூங்குறீங்க. மொத்தம் ஆறரை. ஆனா ராத்திரி மட்டும் ஒன்பதரை மணி நேரம் படுக்கையில கிடக்குறீங்க. மிச்ச நேரம் எல்லாம் கவலைதான்" என்றார்.

சிகிச்சை கேட்பதற்கே வேடிக்கையாக இருந்தது. தூக்கம் வராதவரைத் தாமதமாகப் படுக்கச் சொன்னார். இரவு பதினொன்றரைக்கு முன் படுக்கையைத் தொடக்கூடாது. தூங்கினாலும் தூங்காவிட்டாலும் காலை ஆறுக்கு எழுந்துவிட வேண்டும். பகல் தூக்கம் கிடையாது. படுத்து இருபது நிமிடம் போல ஆகியும் கண் அயராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார வேண்டும். கடிகாரத்தைத் திருப்பி வைக்க வேண்டும். விடிந்ததும் கீழே இறங்கி அரைமணி நேரம் நடக்க வேண்டும்.

முதல் வாரம் வீட்டில் எல்லாருக்கும் திட்டு விழுந்தது. மூன்றாவது வாரத்தில் பதினொன்றரைக்குப் படுத்தவர் உடனே குறட்டை விட்டார். பிறகு பதினைந்து பதினைந்து நிமிடமாகப் படுக்கை நேரத்தைக் கூட்டினார்கள். அக்டோபரில் அவர் பழையபடி தூங்கத் தொடங்கினார்.

இது தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் ஒரு பகுதி. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பு இதைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016ல் பரிந்துரைத்தது. ஆனால் படுக்கை நேரத்தைக் குறைக்கும் முறையை நீங்களாகத் தொடங்க வேண்டாம். வாகனம் ஓட்டுபவர்கள், வலிப்பு நோய், இருமுனை மனநோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு அது ஆபத்தாகலாம்.

வீட்டில் செய்யக்கூடியவை

பருவத்தை நம்மால் மாற்ற முடியாது. அது வரும் மாதங்களில் தயாராக இருக்கலாம்.

வெப்பமான மாதங்களில்: பிற்பகல் மூன்று மணிக்கே மேற்குப் பக்கத் திரையை இழுத்துவிடுங்கள். மாலையில் வெளிக்காற்று குளிர்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்றோட விடுங்கள். குளிர்சாதனம் இருந்தால் 25 பாகையில் வைத்து மின்விசிறியையும் ஓடவிட்டால் போதும். 18ல் வைத்துப் போர்வைக்குள் நடுங்க வேண்டியதில்லை. படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன் வெதுவெதுப்பான நீரில் குளிப்பது நல்லது. தோலுக்கு இரத்தம் பாய்ந்து, உள்வெப்பம் வெளியேறும். பருத்தி விரிப்பு, பருத்திக் கைலி, பருத்தி நைட்டி போன்ற நம் பழைய உடைகளுக்கு ஈடில்லை.

மழை மாதங்களில்: படுக்கை விரிப்பு, தலையணை உறைகளை வாரம் ஒருமுறை 60 பாகை வெந்நீரில் துவையுங்கள். மேகமூட்டமான காலையிலும் வெளியே பத்து, இருபது நிமிடம் நில்லுங்கள். மூடிய வானத்தின் வெளிச்சமும் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம்.

புகைமூட்டத்தில்: காற்றுத்தர அளவைப் பார்த்து, குறைந்திருக்கும் நேரத்தில் ஜன்னலைத் திறங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் தங்கள் தடுப்பு மருந்தை நிறுத்தாமல் எடுக்க வேண்டும். இரவில் இருமி விழிப்பது ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்பதற்கு அறிகுறி.

பள்ளி திறக்கும் முன்: கடைசி இரண்டு வாரங்களில், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எழும் நேரத்தைப் பதினைந்து இருபது நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள். தூங்கும் நேரத்தை அதட்டி மாற்ற முடியாது. எழும் நேரத்தை மாற்றினால் அது பின்னாலேயே வரும்.

எல்லா மாதங்களிலும்: கோப்பி, தே இரண்டையும் மதியத்தோடு நிறுத்துங்கள். குடித்த காஃபினில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஒரு மோசமான இரவுக்குப் பிறகும் வழக்கமான நேரத்துக்கே எழுந்துவிடுங்கள்.

வாரத்துக்கு மூன்று இரவுகளாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதங்களைத் தாண்டினால் வானிலையைக் குறைசொல்வதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். குடும்ப மருத்துவரோ பலதுறை மருந்தகமோ போதும். தேவைப்பட்டால் அவர்களே தூக்கச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புவார்கள். சத்தமான குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவது, பகலில் வாகனம் ஓட்டும்போது கண் சொக்குவது, காரணமில்லாத சோகம் ஆகியவை இருந்தால் மூன்று மாதம்வரை காத்திருக்க வேண்டாம்.

நம் வீடுகளில் 'வயசானா தூக்கம் வராது' என்று ஒரு வாக்கியத்தைச் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இந்த வாரம் அம்மாவிடமோ அப்பாவிடமோ பேசும்போது, "சாப்பிட்டீங்களா?" என்பதோடு நிறுத்தாமல், "ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தீங்க, எத்தனை தடவை எழுந்தீங்க?" என்றும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலை ஒரு தாளில் குறித்து வைத்தால், மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கையோடு கொண்டு போகலாம்.